புனித தீகோனும் வெடிப்பான் கொடியும்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிறவள் என்று எனக்கு ஊரில் பெயர். பொய்யில்லை. எங்கள் சபையில் பாதிரியார்கள் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம்; அப்படி ஒரு பாதிரியாருக்கு வாழ்க்கைப்பட்டவள் வேறென்ன செய்வாள்? ஊர்க்காரர்கள் தங்கள் பாவங்களையெல்லாம் என் கணவர் பிலோதெயோவின் காதில்தான் கொட்டுகிறார்கள். அந்த மனிதரோ வாயைத் திறப்பதில்லை. எனக்கு வேண்டியதை நானேதான் தேடிக் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எலெங்கூவின் தோட்ட விவகாரத்தில் நான் தலையிட்டதும் அப்படித்தான். எலெங்கூ என் பக்கத்து வீட்டுக்காரி. ஐம்பது தாண்டியவள், கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவள். ஏன் என்று கேட்டால், "எங்க தோட்டத்துக் கல்லப் பொறுக்க எவன் வருவான்?" என்பாள். அந்தத் தோட்டம் எங்கள் கோயிலை ஒட்டிப் பிறைபோல வளைந்து கிடக்கிறது. ஒரு முனை பீடத்தின் பின்சுவரைத் தொடும். மறுமுனை, கோயில் வாசலில் எங்களுக்குக் கொடுத்திருக்கும் வீட்டில் என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கும். மரதெஃப்திகோ என்கிற கருந்திராட்சைதான் அதில் பிரதானம். சைப்ரஸை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அது இப்படி விளையாது என்று காப்பிக் கடையில் மார்தட்டிக்கொள்வார்கள்.

அவள் வீட்டுக் கீழறையில் ஒரு தாழி இருக்கிறது. பாதி தரைக்குள் புதைந்தது, ஓர் ஆள் இறங்கி நிற்கலாம். கழுத்துக்குக் கீழே ஒரு கோடு கீறியிருக்கும். சாறு பொங்குவதற்கு இடம் வேண்டுமே, அதனால் அந்தக் கோடு வரைக்கும்தான் நிரப்புவார்கள். அவளுடைய அப்பா ஹம்பி சாகும் தறுவாயில் மகளையும் மகனையும் அந்தத் தாழிமேல் கை வைக்கச் சொன்னார். என் கணவர் சாட்சி. நான் கதவுக்குப் பின்னால் சாட்சி.

"மூணு அறுப்பு தொடர்ந்து இந்தத் தாழி கோடு வரைக்கும் வரலைன்னா நிலம் செத்துப் போச்சுன்னு அர்த்தம். வித்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கங்க. அது நிறைஞ்சுக்கிட்டிருக்கிற வரைக்கும் எவனும் விக்கப்படாது," என்றார் பெரியவர். இரண்டு பேரும் சத்தியம் பண்ணினார்கள்.

மகன் லோயிசோ அடுத்த ஊரில் குடியிருக்கிறான், பஸ் ஓட்டுகிறான். அவனுக்கு ரெவெக்கா என்று ஒரே பெண். நிச்சயம் ஆகி, கல்யாணம் ஆகாமல் நின்றுகொண்டிருந்தாள். எங்கள் பக்கம் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் அனுப்ப வேண்டும். அவனிடம் ஒரு செங்கல் வாங்கக்கூட வழியில்லை. கடல் தெரியும் இடம் என்று அந்தத் தோட்டத்தை வாங்க ஒரு பங்களாக் கம்பெனிக்காரன் காத்திருந்தான். அப்பாவின் துக்கத்துக்குக் கட்டிய கறுப்புத் துணியை எலெங்கூ அவிழ்ப்பதற்கு முன்பே, அவனை அளவு நாடாவோடு தோட்டத்துக்குக் கூட்டி வந்துவிட்டான் லோயிசோ. அன்றோடு அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

எலெங்கூ ரோஷக்காரி. அப்பா காலத்தில் தாழி எப்படியும் நிறைந்தது, நான் வழிய வைக்கிறேன் பார் என்று இறங்கினாள். சுவர்களைச் சரி செய்தாள். கல்லெல்லாம் பொறுக்கினாள். கருங்கொடிகளுக்கு நடுநடுவே நின்ற வெள்ளைக் கொடிகளை ஒன்று விடாமல் பிடுங்கி எரித்துவிட்டு, அந்தக் குழிகளில் கருந்திராட்சையையே நட்டாள். தோட்டம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. எனக்கே பொறாமையாக இருந்தது.

வசந்தத்தில் பூத்தது. பூத்ததெல்லாம் கொட்டியது. குலைக்குக் குலை நாலு மணியும் ஐந்து மணியுமாய், பல் போன வாய் மாதிரி தொங்கின. கண்ணு பட்டுவிட்டது என்றார்கள். கந்தகம் அதிகமாகத் தூவிவிட்டாள் என்றார்கள். பொம்பளை கவாத்து பண்ணினால் இப்படித்தான் என்று ஒருத்தன் சொன்னான். அவனுக்கு எலெங்கூ கொடுத்த பதிலைப் பாதிரியார் மனைவி எழுதக் கூடாது. அந்த வருஷம் தாழியில் இறங்கி நின்றால் முழங்காலைக்கூடச் சாறு எட்டியிருக்காது.

ஆனால் ஓர் அதிசயம். என் சமையலறைப் பக்கத்து முனையில் நின்ற கொடிகளில் மட்டும் குலைகள் இறுக்கமாக, கொழுகொழுவென்று பழுத்துத் தொங்கின.

காப்பிக் கடைக்காரன் தாக்கிதான் முதலில் வாயைத் திறந்தான். கோயில் கமிட்டித் தலைவரும் அவன்தான். "புனித தீகோன் யாரு? திராட்சைக்காரங்களோட புனிதர். காஞ்ச குச்சிய நட்டுப் பழுக்க வெச்சவரு. கோயில ஒட்டின கொடி மட்டும் காய்க்குதுன்னா வேற என்ன அர்த்தம்?" என்றான். அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த ஞாயிறு லிமசோலிலிருந்து ஒரு பஸ்ஸே வந்தது. என் கணவருக்குத் தலைகால் புரியவில்லை. பதினைந்து வருஷமாகக் காலி நாற்காலிகளுக்குப் பிரசங்கம் செய்த மனிதர், பாவம்.

எனக்கு மட்டும் உறுத்தியது.

"ஏன் பாதிரியாரே, புனிதரோட எலும்பு எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"பீடத்துக்குள்ள. இது கூடத் தெரியாதா?"

"அப்ப அருள் அங்கேருந்துதானே கிளம்பணும்? பீடத்துக்குப் பின்னாடி இருக்கிற கொடியெல்லாம் மொட்டையா நிக்குது. அத விட்டுட்டு, ஊரச் சுத்தி என் சமையக்கட்டுக்கு ஏன் வரணும்?"

"உன் சமையலுக்காக வந்திருக்க மாட்டாரு. அது மட்டும் நிச்சயம்," என்று சொல்லிவிட்டுத் தாடியைத் தடவிக்கொண்டு போய்விட்டார்.

என் சமையலறைப் பக்கம் அப்படி என்னதான் இருக்கிறது என்று வெளியே வந்து பார்த்தேன். துணி காயப்போடும் கயிறு. கோழிக் கூண்டு. வாசலில் இரும்புச் சட்டத்தில் படர்ந்த ஒரு வெள்ளைத் திராட்சை. வெடிப்பான் என்போம். பழுத்தால் தோல் தாங்காது; வெடித்துச் சாறு ஒழுகும், குளவி மொய்க்கும், தரையில் கால் ஒட்டும். ஒயினுக்கும் பெரிய பிரயோஜனமில்லை. எலெங்கூ பிடுங்கி எரித்ததும் இந்தச் சாதியைத்தான். அன்றைக்கு அதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

மறுவருஷம் கொடிகள் பூக்கும் சமயம், தாக்கியின் மனைவி தன் அத்தி மரத்தில் காட்டத்திக் காய்களை நூலில் கோத்து மாட்டிக்கொண்டிருந்தாள். காட்டத்தி பக்கத்தில் இல்லாவிட்டால் நாட்டத்தி காயைக் கொட்டிவிடும், எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் செய்வதுதான். நானும் எத்தனையோ தடவை மாட்டியிருக்கிறேன். அன்றைக்கு ஏனோ அங்கேயே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்து வெடிப்பான் கொடியின் பூங்கொத்தை உலுக்கினேன். உள்ளங்கையில் மஞ்சள் தூசி. எலெங்கூ வேலியோரத்துக் கருப்பின் பூவை உலுக்கினேன். ஒன்றுமே விழவில்லை. கையைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

யாரிடமும் மூச்சு விடவில்லை. வெடிப்பானில் பூவோடு கொஞ்சம் கொப்புகளை ஒடித்து, பீடத்துக்குப் பின்னால் மொட்டையாக நின்ற மூன்று கொடிகளில் சிவப்பு நூலால் கட்டினேன். காலையில் பனி காய்ந்ததும் போய் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு வருவேன். ஜெபிக்கப் போகிறேன் என்று கணவர் நினைத்துக்கொண்டார்.

ஜூன் நடுவில் புனிதரின் திருவிழா. அன்றைக்குப் பச்சைக் குலை ஒன்றைக் கோயிலில் வைப்பது வழக்கம். எலெங்கூ குலை தேடிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி வந்தவள், பீடத்துக்குப் பின்னால் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"அடியே பாதிரியம்மா! இதென்னடி சிவப்பு நூல்?"

போய்ப் பார்த்தேன். மூன்று கொடியிலும் குலைகள் பச்சை மணியாக நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன. சுற்றியிருந்ததெல்லாம் பழையபடி மொட்டை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அங்கேயே குதித்தேன். பிறகுதான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் செத்தது.

"கருப்புக்குத் தூசி கிடையாதா?"

"இல்லேடி. நான் உலுக்கிப் பாத்தேன். பக்கத்துல வேற ஏதாவது நின்னாத்தான் பிடிக்கும்போல இருக்கு."

"அப்ப அப்பா நடுவுல நடுவுல வெள்ளைய வெச்சிருந்தது..."

கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அசிங்கமா ஒழுகுதுன்னு என் கையாலயே புடுங்கினேனே. கிழவனுக்குக் கண்ணு தெரியலைன்னு திட்டிக்கிட்டே புடுங்கினேன்." இடுப்பில் கட்டியிருந்த முன்துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. அப்பா செத்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள்.

அந்த வருஷம் பூக்காலம் முடிந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாவது அறுப்பும் போயிற்று. ஆனால் என் வாசலில் வெடிப்பான் இருக்கிறதே, அடுத்த வருஷம் தோட்டம் முழுக்க அதன் பூவைக் கட்டிவிடலாம் என்று இரண்டு பேரும் தைரியமாக இருந்தோம். கணவரிடமும் சொன்னேன். "புனிதர் பண்ற வேலைய ஒரு கொடி தலையில கட்டாதே," என்று சிரித்தார்.

மூன்றாம் வருஷம் மே மாதம் என் மகளுக்குப் பிரசவம், லார்னாகாவுக்குப் போனேன். பேரனைக் குளிப்பாட்டிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் வாசல் வெறிச்சென்று வெயிலில் காய்கிறது. கொடியும் இல்லை, இரும்புச் சட்டமும் இல்லை. சிமெண்ட் பூசி வைத்திருந்தார்கள்.

"கமிட்டி முடிவு," என்றார் கணவர், என் முகத்தைப் பார்க்காமல். "அற்புதத்தப் பாக்க வர்ற ஜனங்களுக்குக் கால் வழுக்குது, குளவி கொட்டுது, பஸ் திருப்ப இடமில்லேன்னு தாக்கி சொன்னான்..."

"அற்புதமே அதுதானய்யா! அதத்தான் வெட்டிட்டீங்க!"

அன்று நான் போட்ட சத்தம் காப்பிக் கடை வரைக்கும் கேட்டதாம். ஒரு வாரம் அவருக்குக் காய்ந்த ரொட்டியும் ஆலிவும்தான். அவரும் அதையே தின்றார். அதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

எலெங்கூவின் கருங்கொடிகளில் மொட்டு விரிய ஆரம்பித்துவிட்டது. நான் ஊர் ஊராக வெடிப்பான் தேடி அலைந்தேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "அந்தச் சனியன எப்பவோ புடுங்கிட்டோமே." கடைசியில் ஒருத்தி சொன்னாள்: பஸ்கார லோயிசோ வீட்டு முற்றத்தில் பந்தல் முழுக்க அதுதான்.

எலெங்கூவிடம் சொன்னேன். "செத்தாலும் அவன்கிட்ட போய் நிக்க மாட்டேன்," என்றாள்.

"நீ நிக்க வேண்டாம். எனக்கு வெக்கம் கிடையாது. நான் போறேன்."

லோயிசோ பந்தலடியில் உட்கார்ந்து தர்பூசணி தின்றுகொண்டிருந்தான். ரெவெக்கா காப்பி கொண்டுவந்து வைத்தாள், தட்டில் பாகில் போட்ட வாதுமைக்காய். நல்ல பெண், அடக்கமான பெண். அவள் முகத்தைப் பார்க்காமல் காப்பியை எடுத்துக் குடித்தேன்.

"சோத்த வெச்சுச் சுருட்டத் திராட்சை இலை வேணும் தம்பி. கொஞ்சம் பறிச்சுக்கட்டுமா?" என்றேன்.

"இலைக்கு வந்தவங்க பூவையே பாக்கறீங்களே, பாதிரியம்மா?"

மாட்டிக்கொண்டேன். உள்ளதைச் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டே தர்பூசணி விதைகளை ஒவ்வொன்றாகத் துப்பினான்.

"தாழி நிறைஞ்சா என் பொண்ணுக்கு வீடு கிடையாது. அது நிறையறதுக்கு என்னையே கொப்பு வெட்டச் சொல்றீங்க."

"ஆமா."

"உங்களுக்கு நெஞ்சழுத்தம் ஜாஸ்தி." தலையைத் தூக்கிப் பந்தலைப் பார்த்தான். "நெஜமாவா? வெறும் தூசி பட்டா காய் பிடிக்குமா?"

"மூணு கொடியில பிடிச்சுது. தோட்டம் பூரா பிடிக்குமான்னு எனக்கென்ன தெரியும்? பண்ணிப் பாத்தாத்தான் தெரியும்."

"பிடிக்காது. எங்க அக்காளுக்கு விவசாயம் வராது, அதான் கொட்டுது. இது பிடிக்காதுன்னு உங்களுக்குக் காட்டறதுக்காகவே வெட்டித் தர்றேன், இருங்க."

மறுநாள் காலையில் பிக்கப் வண்டி நிறைய பூங்கொப்புகளோடு அவனே வந்து இறங்கினான். பந்தலில் முக்கால்வாசியை வெட்டியிருந்தான். வாடாமலிருக்கத் தண்ணீர் பாட்டில்களில் செருகி, கொடிக்குக் கொடி கட்டித் தொங்கவிட்டோம். அக்காவும் தம்பியும் ஒரே வரிசையில் வேலை செய்தார்கள். பேச்சு மட்டும் என் வழியாகத்தான்.

"பாதிரியம்மா, அந்த ஆளுகிட்ட சொல்லு, பாட்டில்ல கழுத்து வரைக்கும் தண்ணி ஊத்த வேண்டாம்னு."

"பாதிரியம்மா, அந்தம்மாகிட்ட சொல்லுங்க, எனக்குக் கண்ணு இருக்குன்னு."

"நேரா பேசித் தொலைங்களேன், எனக்குக் கழுத்து வலிக்குது!" என்றேன். இரண்டு பேரும் காது கேட்காத மாதிரி நின்றார்கள்.

தினமும் காலையில் வந்தான். உலுக்கினான். பூ முடிந்த பிறகு அவனுக்கு இங்கே வேலையே இல்லை. ஆனாலும் பஸ்ஸைக் கோயிலடியில் நிறுத்திவிட்டு, பிரயாணிகள் கத்தக் கத்த, தோட்டத்துக்குள் இறங்கி ஒரு நடை பார்த்துவிட்டுத்தான் போவான். ஒரு நாள் என் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றான். உள்ளங்கையில் ஒரு குலையை ஏந்தியிருந்தான், பறிக்காமல், கொடியோடு. கடுகைவிடக் கொஞ்சம் பெரிய பச்சை மணிகள், இடைவெளியில்லாமல்.

"பிடிச்சிருச்சு," என்றான். ஜெயித்தவன் குரலா, தோற்றவன் குரலா என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது.

கோடை முழுக்க வந்தான். மணி பருப்பதைப் பார்த்தான், கறுப்பதைப் பார்த்தான். அவன் வீட்டு முற்றம் நிழலில்லாமல் வெயிலில் வெந்தது. ரெவெக்காவின் மாப்பிள்ளை வீட்டார் வேறு, வீடு எப்போது என்று ஆள் அனுப்பியிருந்தார்கள்.

செப்டம்பரில் அறுப்பு. மூன்று பேருமாகக் கூடை கூடையாகச் சுமந்து, தொட்டியில் போட்டு மிதித்து, சக்கையும் சாறுமாகத் தாழியில் ஊற்றினோம். முழங்கால் தாண்டியது, இடுப்புத் தாண்டியது. ஒவ்வொரு குடம் ஊற்றியதும் எலெங்கூ எட்டிப் பார்ப்பாள். கடைசிக் கூடையும் தீர்ந்தது. தொட்டியை வழித்து ஊற்றினாள். கோட்டுக்கு ஒரு கையகலம் குறைந்தது.

எலெங்கூ ஒரு துணியை எடுத்துத் தாழியின் விளிம்பைத் துடைத்தாள்.

"அவ்வளவுதான்," என்றாள். "பாதிரியம்மா, அவன்கிட்ட சொல்லு. சத்தியம் சத்தியம்தான். கம்பெனிக்காரன வரச் சொல்லட்டும்."

ஒரு கையகலம்! லோயிசோ வெளியே போனான். போய்விட்டான் என்றே நினைத்தேன். வண்டிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. இரண்டு கூடைகளோடு திரும்பி வந்தான். பந்தலில் அவன் வெட்டாமல் விட்ட கால்வாசியில் காய்த்த வெடிப்பான், காலையில் அறுத்து வண்டியிலேயே போட்டிருந்தது. பாதி வெடித்து ஒழுகிக்கொண்டிருந்தது, குளவிகளும் கூடவே வந்தன. தாழிக்குமேல் பிடித்து இரண்டு கையாலும் பிசைய ஆரம்பித்தான்.

"நிறுத்துடா!" என்று கத்தினாள் எலெங்கூ. இத்தனை வருஷத்தில் அவனைப் பார்த்து நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "அது தோட்டத்துப் பழமில்ல. கணக்குல வராது. எனக்குப் பிச்சை வேண்டாம்!"

"தோட்டத்துப் பழம்தான்," என்றான் அவன், கையை நிறுத்தாமல். "நான் கல்யாணமாகிப் போறப்ப அப்பா ஒடிச்சுக் குடுத்த குச்சி. எங்கேருந்து ஒடிச்சாருங்கிற? நீ புடுங்கின கொடியிலேருந்துதான். நீ எரிச்சே, நான் நட்டு வெச்சேன். கணக்குல வரும்."

இரண்டாவது கூடை பாதி காலியானபோது சாறு கோட்டைத் தொட்டது. மிச்சத்தைக் கீழே வைத்தான்.

எலெங்கூ தாழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அடக்க முடியவில்லை. "ஏன் தம்பி இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேவிட்டேன்.

"தெரியல. கடுகு மாதிரி இருந்ததுலேருந்து பாத்துட்டேனே. ஒரு கையகலத்துல நின்னா எப்படி விடறது?" சாறு சொட்டும் கைகளை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தான். அப்போதுதான் அவனுக்கே உறைத்தது போலிருந்தது. "இப்ப ரெவெக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன், பாதிரியம்மா? நீங்களே சொல்லுங்க."

உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஏன், எதற்கு என்று குடைந்தவள் நான். இப்போது மிச்சக் கூடையில் மொய்த்த குளவிகளை விரட்டிக்கொண்டிருந்தேன்.

எலெங்கூ வாளியில் தண்ணீர் மொண்டு தம்பியின் கையில் ஊற்றினாள். தேய்த்துக் கழுவினாள், சின்னப் பிள்ளைக்குக் கழுவுகிற மாதிரி, நகக்கண் வரைக்கும். பிறகு தன் முன்துணியை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றேன். வண்டிய எடு."

"நீ என்னக்கா சொல்லுவே?"

"அத அவகிட்ட சொல்லிக்கிறேன். எடுடா."

அவள் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று தெரியாமல் நான் எப்படி வீட்டுக்குப் போவேன்? முன்னால் இடமில்லை. காலிக் கூடைகளைத் தள்ளிவிட்டு, பின்பக்கம் குளவிகளுக்கு நடுவில் ஏறிக்கொண்டேன்.